நோய் நீங்கினார்க்கு வேண்டுந் துணை

புற்றுநோய் உளதென்று மருத்துவர் கூறக் கேட்டவர்க்கு உண்டாகும் அச்சம் யாவரும் அறிந்ததே. அந்நோய்க்குரிய மருத்துவமெல்லாம் முற்றுப்பெற்று, 'இனி வீட்டிற்குச் செல்லலாம்' என்று மருத்துவர் விடைகொடுத்த நாளிலே தொடங்கும் பிறிதொரு துன்பத்தை அறிந்தார் மிகச் சிலரே. அந்நாளிற் சுற்றத்தார் மகிழ்ந்து திருக்கோயிலில் அருச்சனை செய்விப்பர். அண்டை அயலார் வந்து வாழ்த்திச் செல்வர். மீண்டவரோ ஒருவருங் காணாவாறு தனியிருந்து கண்ணீர் விடுவர். உயிர் பிழைத்தவர் அழுவது என்னை எனின், அதனை ஆராய்ந்து, அந்நிலையிலுள்ளார்க்கு உண்மைத் துணையாவது யாது, துணைபோலத் தோன்றி ஊறு செய்வது யாது என்பவற்றை ஈண்டு ஒருசிறிது எழுதப் புகுகின்றாம். மடங்களையும் ஆலயங்களையுஞ் சார்ந்த நம் அன்பர்களிடத்து நோயுற்றாரும் நோய் நீங்கினாரும் ஆறுதல் நாடி வருதல் நாடோறும் நிகழ்வதாகலின், இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

மருத்துவம் நடைபெறுங் காலத்தில் நோயாளருடைய வாழ்வு ஒரு கட்டுக்குள் அமைந்திருக்கின்றது. இன்ன நாளில் கீமோதெரபி என்னும் மருந்தேற்றல், இன்ன நாளில் கதிர்மருத்துவம், இன்ன நாளில் இரத்தச் சோதனை என்று ஒவ்வொரு நாளும் முன்னரே வகுக்கப்பட்டுக் கிடக்கும். மருத்துவரும் செவிலியரும் அடிக்கடி பார்க்கின்றனர். உறவினர் முறைவைத்து உடனிருக்கின்றனர். அக்காலத்தில் நெஞ்சிற்கு அஞ்சுதற்குக்கூட ஓய்வில்லை. மருத்துவம் முடிந்த அளவில் அக்கட்டு ஒருங்கே அவிழ்ந்துவிடுகின்றது. உடனிருந்தார் தத்தம் தொழிலுக்குச் செல்கின்றனர். தமக்கு நேர்ந்தது இன்னதென்பதை நெஞ்சு எண்ணிப்பார்க்கத் தொடங்குவது அப்பொழுதுதான். நோயை எதிர்த்து ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கின்றோம் என்றிருந்த உறுதியும் அன்றோடு போய்விடுகின்றது. ஆகவே, பிறர் 'எல்லாம் முடிந்தது' என்று கருதும் அப்பொழுதே அவர் மிகத் தனியராகின்றார்.

இதனை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தே உணர்ந்தது. அமெரிக்க நாட்டு மருத்துவரும், தாமே 1975-ஆம் ஆண்டிற் புற்றுநோயுற்று மீண்டவருமாகிய பிட்ஷ்யூ முல்லன் என்பார், 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நோயினின்று மீளுதல் ஒரு நாளில் முடிந்துவிடுவதன்று என்றும், அது மூன்று பருவங்களையுடையதென்றும் வகுத்துக் காட்டினார். நோய் கண்டு மருத்துவஞ் செய்யும் காலம் முதற்பருவம். மருத்துவம் முடிந்தபின் 'மீண்டும் வருமோ' என்னும் ஐயத்தோடு வாழுங் காலம் இரண்டாவது. நோய் திரும்பாதென்னும் நம்பிக்கை வலுப்பெற்று, எனினும் நோயும் மருந்தும் விட்டுச்சென்ற தழும்புகளோடு வாழுங் காலம் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது பருவமே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது. முதற்பருவத்துக்கு மருத்துவமனைகள் உள்ளன. இரண்டாவதற்கு உரியார் எவருமில்லாதிருந்தமையே அவர் கண்ட குறை.

நம் நாட்டில் இந்நோய்க்கென எழுந்த பெருமுயற்சியும் ஒருவரது நெஞ்சத்துயரிலிருந்தே பிறந்தது. புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையார் புற்றுநோயால் இறந்ததைக் கண்ணெதிரே கண்டு ஆற்றாராய், பல்லாண்டு முயன்று, 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்திலேயே தம் வாழ்நாளைக் கழித்த மருத்துவர் வி. சாந்தா அம்மையார் 2021-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். முத்துலட்சுமி அம்மையார் காலத்திற் புற்றுநோயென்றால் இறப்பென்றே பொருள். இன்றோ, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிற் புதிதாக இந்நோய் கண்டார் பதினான்கு இலக்கத்துக்கு மேற்பட்டவரென மதிப்பிடப்பட்டிருப்பினும், அவருட் பலர் மருத்துவத்தால் மீண்டு வருகின்றனர். பிழைத்தார் தொகை பெருகப் பெருக, பிழைத்தபின் வாழ்வது எவ்வாறு என்னும் வினாவும் பெருகுகின்றது.

இனி, அவர் உடம்பின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். உடம்பை அறியாது நெஞ்சைத் தேற்றப் புகுவது பயனற்ற முயற்சியாம். மருத்துவம் முடிந்து பல திங்கள் கழிந்த பின்னரும் நீங்காத ஒருவகைச் சோர்வு இவர்க்குண்டு. இஃது உழைத்தவர்க்கு வரும் களைப்புப் போல்வதன்று. உறங்கி எழுந்தாலுந் தீராது. அச்சோர்வைக் கண்டார் 'சோம்பல்' என்று பெயரிட்டுவிடுகின்றனர். சிலர்க்கு மறதி மிகும். படித்த வரியையே மீண்டும் படிப்பர். அறிந்த பெயர் நாவில் வாராது. கீமோதெரபி பெற்றாரிற் பலர் இதனைக் கூறுகின்றனர். மார்பகப் புற்றுக்கு அறுவை செய்யும்போது அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களை நீக்கப்பெற்றார்க்குக் கை வீங்குதல் உண்டு. அது சில திங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். வாய்ப்புற்றுக்கு மருத்துவஞ் செய்துகொண்டார்க்கு வாய் முன்போல் அகலத் திறவாது. கதிர்மருத்துவத்தால் உமிழ்நீர் வற்றி, வெறுஞ் சோற்றையும் நீரின்றி விழுங்கல் அரிதாகும். குடற்புற்றுக்கு அறுவை செய்யப்பெற்றாருட் சிலர், வயிற்றின் புறத்தே அமைத்த வாயிலில் ஒரு பையைப் பொருத்திக்கொண்டு வாழவேண்டியவராகின்றனர்.

இவற்றாலாகும் உடல்நோவினும் நாணம் பெரிது. பந்தியிலிருந்து உண்ணும்போது வாயின் ஒருபுறம் சோறு சிந்துமேயென்று அஞ்சி விருந்துக்குச் செல்லாதொழிந்தார் உளர். மார்பகம் நீக்கப்பெற்ற பெண்மணிகள், திருக்குளத்திற் பிற மகளிரொடு நீராடுதலை விட்டுவிடுகின்றனர். கணவன் முன்னும் நாணுகின்றனர். பை பொருத்திக்கொண்டவர், 'இவ்வுடம்போடு திருக்கோயிலுள் நுழையலாமோ' என்று வாயில்வரை வந்து திரும்பிச் செல்கின்றனர். எவ்வுடம்பும் அகத்தே அதனையே சுமந்து கோயிலுள் நுழைகின்றதென்பதை அவர்க்கு அன்போடு எடுத்துச் சொல்வார் ஒருவர் வாயிலில் இருந்தாராயின், அஃது ஒரு பெருந்தொண்டாகும்.

அதன்மேலும், ஊரார் கூற்று வேறு. புற்றுநோய் ஒருவரிடமிருந்து அவரைத் தொடுவார்க்கும் அவரோடு உண்பார்க்கும் பரவுவதன்று. அங்ஙனமிருந்தும், அவர் பருகிய குவளையை வேறாக வைக்கும் இல்லங்கள் இன்றும் உள்ளன. பெண்ணுக்கு மணம் பேசுமிடத்து, தாய்க்கு இந்நோயிருந்ததென்பதை மறைத்தற்பொருட்டு, அத்தாயையே நோயைப்பற்றி வாய்திறவாமற் செய்துவிடுகின்றனர். ஒரு சில குடும்பங்களில் மட்டுமே இது மரபணுவழித் தொடர்வது. மறைக்குமாறு கட்டளையிடப்பெற்றவர் எவரிடஞ் சென்று தம் அச்சத்தைக் கூறுவர்?

அவ்வச்சம் யாதெனின், நோய் திரும்புமோ என்பதே. மார்பகப் புற்றினின்று மீண்டாரை, முதல் மூன்றாண்டு மூன்று திங்களுக்கோ ஆறு திங்களுக்கோ ஒருமுறை வருமாறு மருத்துவர் பணிப்பர், அடுத்த ஈராண்டில் இடைவெளி நீளும், பின்னர் ஆண்டுக்கொருமுறையாம். அந்நாள் அணுகுமுன்னரே உறக்கம் போய்விடுகின்றது. தலைநோவென்றால் மூளையிற் பரவிற்றோ என்றும், முதுகுநோவென்றால் எலும்பிற் பரவிற்றோ என்றும் நெஞ்சு துணுக்குறும். சோதனை நன்றென்று வந்தபின் சில நாள் தெளிவு. மீண்டும் அடுத்த நாளை நோக்கிய அச்சம். இதனைக் கோழைமையென்று இகழ்வது அறியாமை. ஒருமுறை தீப்பற்றிய வீட்டில் வாழ்பவன் புகை நாற்றத்துக்கு அஞ்சுதல் இயல்பேயன்றோ?

இந்நிலையிலுள்ளார்க்கு நம்மனோர் கூறும் ஆறுதல்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, 'எல்லாம் வினைப்பயன்' என்பது. மற்றொன்று, 'மனத்தைத் திடமாக வைத்துக்கொள், நோய் அணுகாது' என்பது. இரண்டும் நல்லெண்ணத்தாற் கூறப்படுவனவே. எனினும், இரண்டுங் கேட்பவர்மேற் பாரத்தை ஏற்றுவன. இவற்றுள் முன்னையது நம் சமயத்தின் பெயராற் கூறப்படுதலின் அதனைச் சிறிது விரித்தாராய்வாம்.

வினையுண்மை நம் சித்தாந்தத்துக்கு அடிப்படையென்பதில் ஐயமில்லை. உடம்பொடு வந்த நுகர்வு பிராரத்தமெனவும், அஃது ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என்னும் மூவாயில்களால் வந்து பொருந்துமெனவும் நூல்கள் கூறும். ஆனால், இன்னார்க்கு வந்த இந்நோய் இன்ன வினையின் பயனென்று அறிந்து கூட்டுவோன் யாவன்? வினை சடமாகலின் தானே வந்து பொருந்தாது. உயிர் சிற்றறிவினதாகலின் அறிந்து பொருத்திக்கொள்ளமாட்டாது. இரண்டையும் அறிந்து கூட்டுவோன் முதல்வன் ஒருவனே என்பதன்றோ நம் துணிபு? அங்ஙனமாயின், நோயுற்றார் கட்டிலருகே நின்று, 'முற்பிறப்பில் என்ன செய்தீரோ' என்பவர், இறைவனுக்கேயுரிய அறிவைத் தமக்குண்டென்று கொள்பவராகின்றார். அது சித்தாந்தமன்று, சித்தாந்தத்தின் சொல்லை எடுத்துப் பிறர்மேல் எறிதலேயாம். பிறருடைய பிராரத்தத்தை ஆராயப் புகுந்தார் தமக்கு ஆகாமியத்தை ஈட்டிக்கொள்கின்றனர் என்பதையும் இவ்வழி நினைத்தல் தகும்.

அற்றேல், 'நோயாளர் தாமே வினையென்று கருதி அமைதி பெறுதல் உண்டன்றோ?' என்று கடாவுவார்க்கு, உண்டென்றே விடை கூறுவாம். ஒருவர் தம் துன்பத்தைத் தாமே அவ்வாறு கண்டு, அதனால் நெஞ்சாறுவராயின் அதனை மறுத்தற்கு நாம் யார்? தாமே கண்டு ஆறுதல் வேறு; பிறர் வாயிற் கேட்டுக் குற்றவாளியாதல் வேறு. முன்னதில் அச்சொல் ஊன்றுகோல். பின்னதில் அதுவே கசை. புற்று உண்டாதற்குரிய காரணங்களுட் சிலவற்றை மருத்துவ நூல் அறியும். புகையிலை மெல்லுதலும் புகைத்தலும் வாய்க்கும் நுரையீரலுக்குங் கேடு. கருப்பைவாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் ஒருவகை நுண்ணுயிர்த் தொற்றே காரணம். ஆயினும், எக்கேடும் அறியாதார்க்கும் உயிரணுக்கள் பிரியும்போது நேரும் பிறழ்ச்சியால் இந்நோய் வருதலுண்டு. ஆகவே, 'நான் என் செய்தேன்?' என்று கேட்பவர்க்கு, 'நீர் செய்தது ஒன்றுமில்லை' என்பதே பலவிடத்து மெய்யான விடை.

வினையென்று கூறி வாளாவிருத்தல் நம் ஆசிரியன்மார் வழியும் அன்று. திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்த காலத்துப் பனிக்காய்ச்சல் அடியார்களைப் பற்ற, அந்நிலத்தியல்பு அதுவென்று அடியார்கள் விண்ணப்பித்தனர். பெருமான் அவர்களுடைய பழவினையை ஆராய்ந்து கொண்டிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி, அவரோடு அந்நாட்டாரும் அந்நோயினின்று நீங்கச் செய்தார். வினையுண்மையை உடன்பட்டாரே அதனை நீக்கும் வழியை நாடாதிருத்தலைக் குறையென்று கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும். மருத்துவரும் மருந்தும் முதல்வன் கூட்டிய தனு கரண புவன போகங்களுக்குப் புறம்பானவையல்ல என்பதையும் ஈண்டுச் சேர்த்துணர்க.

திருநாவுக்கரசர் வரலாற்றிலும் நாம் நினைக்கத்தக்கது ஒன்றுண்டு. சூலைநோய் பொறாது, தாம் பல்லாண்டு சார்ந்திருந்தாரைவிட்டு, இருளிலே திருவதிகை வந்து தமக்கையார் அடியில் விழுந்தார் மருணீக்கியார். தமக்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாயவும், தம்பியின்பொருட்டே உயிர்தாங்கியிருந்த திலகவதியார், 'இத்தனையாண்டு எங்கிருந்தாய்' என்று கடிந்தாரெனச் சேக்கிழார் பெருமான் கூறினாரல்லர். எழுப்பினார், திருநீறு அளித்தார், உடனழைத்துக்கொண்டு திருவீரட்டானம் புக்கார். நோயுற்றாரைத் தாங்குவார்க்கு வேண்டுவதெல்லாம் அவ்விரவில் நிகழ்ந்தவற்றுள் அடங்கியிருக்கின்றன. நோய் நீங்கியபின் அவர் பழைய தருமசேனராகத் திரும்பிச் சென்றாரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. இன்று மீண்டு வந்தவரைச் சுற்றத்தார், 'எப்பொழுது முன்போல் ஆவாய்?' என்று நாடோறும் வினவுகின்றனர். முன்போல் ஆகாமல் வேறொருவராக வாழ்தலும் வாழ்தலேயாம். இதனைக்கொண்டு 'நோய் வந்ததே உனக்குப் பேறு' என்று பிறர்க்கு உபதேசிக்கப் புகுதலும் தவறு. அதனைச் சொல்லும் உரிமை நோயுற்றார் ஒருவர்க்கே உரியது.

இனி, இரண்டாவது ஆறுதலைப் பார்ப்பாம். மனத்திடமிருந்தால் நோய் வாராதென்பது கேட்டற்கு இனிது. அதன் மறுபுறமோ கொடிது. நோய் திரும்பின், 'உன் மனந் தளர்ந்தமையால் வந்தது' என்பது அதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. எனவே, மீண்டவர் தம் அச்சத்துக்கே அஞ்சத் தொடங்குகின்றார். அழுதால் நோய் வருமோ என்று அழுகையையும் அடக்குகின்றார். நியூயார்க் நகரிற் புற்றுநோயாளரின் உளநலத்தைத் தனித்துறையாக வளர்த்தவரும், 2017-ஆம் ஆண்டில் மறைந்தவருமாகிய ஜிம்மி ஹாலண்டு என்னும் மருத்துவ அம்மையார், எந்நேரமும் நம்பிக்கையோடிரு என்று வற்புறுத்துவது ஒரு கொடுங்கோன்மையென்றே கண்டித்துள்ளார்.

இதன் மெய்ம்மையை ஆராய்ந்தவர்களும் உளர். 1989-ஆம் ஆண்டில் டேவிட் ஸ்பீகல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும், மார்பகப் புற்று உடலிற் பிற உறுப்புகளிலும் பரவிவிட்ட 86 பெண்மணிகளை வைத்துச் செய்த ஆய்வில், வாரந்தோறும் ஒன்றுகூடித் தம் துயரைப் பேசிய மகளிர் ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு காலம் உயிர்வாழ்ந்தனர் என்று வெளியிட்டனர். உலகெங்கும் இச்செய்தி பரவிற்று. பின்னர்க் கனடா நாட்டில் 235 பெண்மணிகளிடம் செய்து 2001-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வில், அவ்வாறு கூடிப் பேசினார்க்கு ஆயுள் நீளவில்லை என்பது தெரிந்தது. ஸ்பீகல் குழுவினரே மீளவுஞ் செய்து 2007-இல் வெளியிட்டதிலும் பொதுவாக ஆயுள் நீட்சி காணப்படவில்லை. அதே 2007-இல், தலையிலும் கழுத்திலும் புற்றுற்ற 1,093 பேரை ஆராய்ந்தவர்கள், அவர்தம் மனநிலைக்கும் உயிர் நீடித்தலுக்கும் தொடர்பு காணவில்லை.

ஆயின், கூடிப் பேசுதல் வீணோ எனின், அன்று. அக்கனடா ஆய்விலேயே, கூடிப் பேசிய மகளிர்க்கு உளத்துயர் குறைந்தது. நோவுங் குறைவாகத் தோன்றிற்று. தொடக்கத்தில் மிகத் துயருற்றிருந்தார்க்கே பயன் மிகுதி. இதுவன்றோ நாம் கொள்ளவேண்டுவது? துணை என்பது கட்டியைக் கரைக்கும் மருந்தன்று. துன்பத்தைத் தாங்கும் தோள் அது. ஆயுளை நீட்டினால்தான் அதற்கு மதிப்பென்பது, அன்புக்கும் கூலி கணக்கிடுவது போலாம். அழுதலால் நோய் வாராது என்பதை மீண்டவர்க்கு ஒருவர் தெளிவுறச் சொல்லிவிட்டால், அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெரும்பாறை இறங்குகின்றது.

மெய்த்துணையுள் முதன்மையானது கேட்டல். சித்தாந்த வகுப்புகளிற் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று படிமுறை கூறும் நாம், பிறர் துன்பத்தைக் கேட்கப் புகும்போது மட்டும் முதற்படியைத் தாண்டி உபதேசத்துக்கு விரைகின்றோம். மீண்டவர், 'எனக்கு அச்சமாயிருக்கின்றது' என்றால், 'அஞ்சாதே' என்பதனினும், 'எப்பொழுது மிகுதியாக அஞ்சுகின்றீர்?' என்று வினவி வாய்மூடியிருத்தல் நன்று. அவர் சொல்லி முடிக்குமுன் வேறொருவர் நோய்க்கதையை எடுத்தல் கூடாது. கேட்டது புறத்தே போகாது என்னும் உறுதியும் அவர்க்கு வேண்டும். மடத்தில் கூறியது மறுநாள் மாடவீதியில் உலவுமாயின், அவர் பின்னர் எவரிடமும் வாய்திறவார்.

கேட்பவர்களுள்ளும் அந்நோயைத் தாமே கடந்து வந்தார்க்கு நிகரில்லை. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மார்பகம் நீக்கப்பெற்ற தெரீஸ் லாசர் என்னும் அம்மையார், தமக்கு ஒருவரும் எதுவுங் கூறாதது கண்டு, அவ்வறுவை செய்துகொண்ட ஏனை மகளிரை மருத்துவமனையிற் சென்று காணத் தொடங்கினார். மருத்துவர் சிலர் அதனை விரும்பிலர். அவரோ கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும் கொண்டுசென்று கொடுத்து, 'நானும் அவ்வாறே செய்துகொண்டவள். இதோ நிற்கின்றேன்' என்னும் அளவில் தாமே சான்றாக நின்றார். அம்முயற்சி இன்று பல நாடுகளிற் பரவியிருக்கின்றது. நம் நாட்டில், தாமே புற்றுநோயினின்று மீண்டவராகிய ஹர்மாலா குப்தா அம்மையார் 1991-ஆம் ஆண்டில் தில்லியில் கேன்சர் சகயோக் என்னுந் துணைக்குழுவைத் தொடங்கினார். அடையாற்று நிலையத்திலும் நோயாளர் உளநலத்துக்கெனத் தனிப் பிரிவு உளது. ஊர்ப்புறங்களில் இத்தகைய குழு இல்லையாயினும், அதே நோயினின்று ஐந்தாண்டுக்கு முன் மீண்ட ஒருவரை, இருவரிசைவும் பெற்று, அறிமுகப்படுத்தி வைத்தல் எவர்க்கும் எளிது.

கேட்பார்க்கும் எல்லையுண்டு. துயர் இயல்பாயதோ, மருத்துவம் வேண்டும் அளவினதோ என்பதைக் காண்டற்கு மருத்துவர் ஓர் எளிய அளவைக் கையாளுகின்றனர். சுழியம் முதற் பத்துவரை எண்ணிட்ட ஒரு வெப்பமானிப் படத்தைக் காட்டி, 'கடந்த வாரத்தில் உமது துயர் எவ்வளவு?' என்று கேட்பர். நான்கும் அதற்கு மேலுமாயின் மேலும் ஆராய்வர். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, ஊணும் உறக்கமுங் குறைதல், தம்மைப் பிறர்க்குச் சுமையென்று கருதுதல், இறத்தலே நன்றென்னும் பேச்சு, இவை கண்டவிடத்து வழிபாடும் ஆறுதலுரையும் மட்டும் போதுமென்றிராது, மனநல மருத்துவரிடம் விரைந்து அழைத்துச் செல்லல் கடன். இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பெறலாம், தமிழிலும் பேசலாம். உள்ளத்தின் நோய்க்கு மருந்துண்பது பத்தியின் குறைவென்று எண்ணுவார், காய்ச்சலுக்கு மருந்துண்பதையும் அவ்வாறே எண்ணல் வேண்டும்.

உடனிருந்து காத்தாரை மறத்தலாகாது. மனைவியின் நோயில் ஓராண்டு முழுதும் கண்விழித்த கணவன், அவள் எழுந்து நடமாடத் தொடங்கியபின் தான் விழுந்துவிடுதல் உண்டு. அவனை நலம் வினவுவார் எவருமிலர். வருவாரெல்லாம் அவளையே வினவுகின்றனர். மருத்துவத்துக்கு வாங்கிய கடனும் அவன் தலைமேலது. ஒருநாட் சமையலை ஏற்றுக்கொள்ளுதலும், அடுத்த சோதனைக்கு அவனுக்கு மாற்றாக உடன்செல்லுதலும் அவனுக்கு நூறு வாழ்த்துரையினும் பெரிய உதவி. மீள்சோதனைக்குச் செல்லும் புற்றுநோயாளர்க்கும் உடன்செல்வார்க்கும் இருப்பூர்திக் கட்டணத்திற் சலுகையுண்டென்பதை அறியாதார் பலர். அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையிற் கேட்டுப் பெறுமாறு சொல்லிவைக்கலாம்.

இறுதியாக, நம் அநுட்டானங்களைப்பற்றிச் சில சொற்கள். மீண்டவர்க்கு மெல்லிய நடை நல்லது. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிட அளவினதாகிய உடலசைவு சோர்வைக் குறைக்குமென்று மருத்துவர் கூறுகின்றனர். தொடக்கத்திற் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். திருக்கோயிற் பிராகாரத்தை ஒருமுறை வலம்வருதல் அதற்கு மிக ஏற்றது. ஆனால், வைகறைக் குளிர்நீராட்டும், விரதங்களும், நெடுநேரம் தரையில் அமர்தலும் மருத்துவரைக் கேட்டே மேற்கொள்ளத்தக்கன. மருந்துண்பவர் உபவாசத்தை விட்டால் குற்றமாமோ என்று அஞ்சுகின்றனர். தீக்கை செய்வித்த ஆசாரியர், 'விடுக' என்று தம் வாயாற் கூறினாலன்றி அவ்வச்சம் தீராது. அச்சொல்லைக் கேளாமல் தாமே முன்வந்து கூறுதல் ஆசாரியன்மார்க்கு அழகு. திருமூல நாயனார் உடம்பை ஓம்பியதன் கருத்தை நம்மவர் அறியாதாரல்லர்.

தொழிலாலே வாழ்வார்க்கு அத்தொழிலைச் சிறிது மாற்றியமைத்துக் கொடுத்தல் மிகப்பெரிய மருந்து. ஓதுவார் ஒருவர்க்குத் தொண்டையிற் புற்று வந்து, கதிர்மருத்துவத்தால் நீங்கிற்றென்று கொள்வோம். குரல் கம்முகின்றது, நா வறள்கின்றது, மேற்சுருதி எட்டவில்லை. 'ஓய்வு கொள்க' என்று வீட்டிற்கு அனுப்பிவிடுதல் இரக்கம்போலத் தோன்றினும், பாடுதலையே தம் உயிர்ப்பாகக் கொண்டவர்க்கு அது நோயினுங் கொடிது. உச்சிக்காலத்து நெடும்பதிகத்தை மாணாக்கர் இருவர் பாட, அவர் முதலடியை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். சுருதியை ஓரிரு கட்டை இறக்கிக் கொள்ளலாம். குரல்பயில்விக்கும் மருத்துவத் துணைவரைக் கண்டுவர வாரத்தில் ஒருநாள் விடுப்பு அளிக்கலாம். பண்முறையும் தாளமும் பிறர்க்குக் கற்பித்தற்குக் குரலின் வளம் இன்றியமையாததன்று. நாற்பதாண்டு பாடிய செவி போதும். அர்த்தசாமத்துச் சந்நிதியிற் கூட்டமிராது. அங்கே ஒரு பாட்டை அவரே தனித்துப் பாடட்டும். இடையில் நின்று இளைப்பாறினால் அருகிருப்பார் அவர் முகத்தைத் திரும்பி நோக்காதிருத்தல் வேண்டும். கையெட்டும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்திருத்தலும் வேண்டும்.